அர்பாப் ஓட்டாத லாரி

அரபு நாட்டில் தைத் என்ற ஊர்ப் பக்கத்து மணல்வெளியில் வருஷா வருஷம் குளிர்காலம் பிறக்கும்போது நடக்கிற லாரிப் பந்தயத்துக்கு இன்றைக்கு டிவி வருகிறது, ஹெலிகாப்டர் வருகிறது, ஏசி போட்ட கூடாரம் வருகிறது. ஆரம்பித்தது என்னவோ ஒரு மரத்து நிழலுக்கான சண்டையில்தான். கம்பெனி யார்டில் இருந்தது ஒரே மரம். தண்ணி லாரிகளோ பத்துப் பன்னிரண்டு. மரத்தடியில் நிறுத்தியவன் மத்தியானம் ஸ்டியரிங்கைத் தொடலாம், மற்றவன் கை பொத்துப்போகும். அடிதடி வரைக்கும் போன பிறகு டிரைவர்களே கூடிப் பேசினார்கள். வெயில் தணிந்த முதல் வெள்ளிக்கிழமை, டேங்கை நிரப்பிக்கொண்டு மணல்மேட்டைச் சுற்றி வர வேண்டும். முதலில் வருகிறவனுக்கு அடுத்த வருஷப் பந்தயம் வரைக்கும் நிழல்.

முதல் பந்தயத்தில் ஜெயித்தவன் திருப்புவனத்துச் சோலைமுத்து. மற்றவர்கள் ஆக்ஸிலரேட்டரை மிதித்து மிதித்து மணலில் புதைந்து கிடக்க, இவன் டயர்க் காற்றைப் பாதி இறக்கிவிட்டு மாட்டுவண்டி மாதிரி நிதானமாக வந்து சேர்ந்தான். அடுத்தடுத்த வருஷங்களிலும் மரம் அவனுக்குத்தான்.

அப்புறம் அர்பாப் பார்த்தார். முதலாளியை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவருக்குப் பிடித்துப்போய்ச் சிநேகிதர்களை அழைத்தார், அவர்களும் தங்கள் லாரிகளை அனுப்பினார்கள். ஒட்டகப் பந்தயத்தில் கோப்பை ஒட்டகத்தின் சொந்தக்காரருக்குப் போகுமே தவிர ஓட்டி வந்தவனுக்குப் போகாது. அந்த வழக்கம் லாரிக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. பிறகு ஹெல்மெட் போட்ட வெளிநாட்டு டிரைவர்கள் வந்தார்கள். மரத்தை வெட்டி மேடை போட்டார்கள். சோலைமுத்துவுக்குப் பந்தயத்தன்று புழுதி அடங்கத் தண்ணி தெளிக்கிற டூட்டி. கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதைதான்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டான். மகள் பானுப்பிரியாவின் காதுகுத்துக்கு அவன் ஊரில் இல்லை, சடங்குக்கு இல்லை, கல்யாணத்துக்கு விருந்தாளி மாதிரி வந்து போனான். அப்பன் என்று அவளுக்குக் கொடுக்க அவனிடம் இருந்தது இந்த ஒரு ஜெயிப்புதான். போனில் அதைத் திரும்பத் திரும்பச் சொல்லித்தான் அவளை வளர்த்தான். மச்சான் ரெங்கராஜ் மட்டும், "கேக்குறவன் கேனையனா இருந்தா கேப்பையில நெய் வடியுதும்பாங்க" என்று சிரிப்பான்.

இந்த வருஷம் பந்தயத்தின் வரலாற்றைப் படம் எடுக்க வந்தார்கள். பழைய ஆள் என்று சோலைமுத்துவைக் கேமரா முன்னால் உட்காரவைத்தார்கள். எதிர் நாற்காலியில் அர்பாப். முதல் வருஷம் ஜெயித்தது யார் என்று அரபியில் கேட்டார்கள். பெரிய மனுஷர் எதிரே இருக்கும்போது நான்தான் என்று மாரைத் தட்டவா முடியும்? "எல்லாம் அர்பாப்தான். அர்பாப்தான் ஜெயித்தார். நான் கூட இருந்தேன், அவ்வளவுதான்" என்றான்.

நம் ஊரில் இப்படிச் சொன்னால் எதிரே இருப்பவர், "சேச்சே, எல்லாம் உன் உழைப்புப்பா" என்று திருப்பித் தர வேண்டும். அதுதான் முறை. அர்பாப் தாடியைத் தடவிக்கொண்டு தலையாட்டினார். "கலாஸ்", முடிந்தது என்று கேமராக்காரன் விளக்கை அணைத்தான். நுணலும் தன் வாயால் கெடும்.

தன் முறை வரும்போது அர்பாப் சொல்லாமலா போவார் என்று சோலைமுத்து தன்னைத் தேற்றிக்கொண்டான். பந்தயத்தன்று படம் டிவியிலும் வரும் என்று ஊரில் எல்லோரையும் பார்க்கச் சொன்னான். மனைவி கருப்பாயி பாதித் தெருவைக் கூட்டிவிட்டாள்.

பந்தயத்தன்று சாயங்காலம் பெரிய திரையில் படம் ஓடியது. சோலைமுத்து தன் டேங்கர் பக்கத்தில் நின்று பார்த்தான். "அந்த முதல் ஓட்டத்தில் மணல் என் சொல்லைக் கேட்டது" என்றார் திரையில் அர்பாப். எல்லோரும் சொல்லச் சொல்ல அவரே நம்பிவிட்டாரோ என்னவோ. நம்பிவிட்டால் மட்டும் திருட்டு திருட்டில்லை என்று ஆகிவிடுமா? அடுத்து சோலைமுத்துவின் முகம் வந்தது. அவன் வாயே அதற்குச் சாட்சி சொன்னது. கீழே இங்கிலீஷில் எழுத்து ஓடியது. கூடாரத்தில் கைதட்டினார்கள்.

உடனே கருப்பாயி போன் செய்தாள்.

"ஏங்க, உங்க மொகத்த எம்புட்டுப் பெருசாக் காட்டுனாக! கீழ இங்கிலீசுல போட்டத பானு வாசிச்சுச் சொன்னா. மொத மொதல்ல ஜெயிச்ச ஆளே நீங்கதானாம்ல! எங்கண்ணன் வாயே தொறக்கல."

"பானுகிட்டக் குடு" என்றான்.

மகள் போனை வாங்கிக்கொண்டு வாசலுக்குப் போவது கேட்டது. "இப்ப பக்கத்துல யாருமில்லப்பா. நான் மாத்தித்தான் வாசிச்சேன். நீங்களே சொல்றீங்களே, அவருதான் ஜெயிச்சாருன்னு."

"அது ஒரு மரியாதைக்குச் சொன்னதும்மா. எதிர்ல அவரு உக்காந்திருந்தாரு..."

"சரிப்பா." அவள் சொன்ன வேகத்திலேயே நம்பவில்லை என்று தெரிந்தது. "தூரத்துல இருக்குற அப்பா பிள்ளைக்கு ஏதாச்சும் கதை சொல்லத்தானே வேணும். எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல. அம்மாகிட்ட சொல்லமாட்டேன்."

"யல்லா, பானி! ஜல்தி!" என்று தண்ணி தெளிக்கச் சொல்லித் தூரத்திலிருந்து சூப்பர்வைசர் கத்தினான். சோலைமுத்து வண்டியில் ஏறி உட்கார்ந்தான். சொல்லாத பொய்க்கு மகள் மன்னிப்புக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தாள்.

"சரிம்மா" என்றான்.