ஒப்பந்தத்தில் பிழை இல்லை

நான் வேலை செய்வது முதலாளிமாரின் சங்கத்தில். பெரிய தொழிற்சாலையிலிருந்து ஆறேழு பேர் வேலை செய்கிற பட்டறை வரை, நாடு முழுக்க உள்ள கம்பனிகள் சந்தா கட்டிச் சேர்ந்திருக்கிற இடம். அரசாங்கத்தோடு கதைப்பதும் தொழிற்சங்கங்களோடு பேரம் பேசுவதும் மேல்மாடிக்காரரின் வேலை. செய்தியில் வருவதும் அவர்கள்தான். நான் கீழ்மாடி, தொலைபேசிப் பிரிவு. சட்டம் படித்த நாங்கள் சிலர் காதில் கருவியை மாட்டிக்கொண்டு உறுப்பினர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்வோம். லீவைத் தள்ளிப்போடலாமா, நோயில் படுத்தவரைக் கூப்பிட்டு விசாரிக்கலாமா என்று கேட்பார்கள். ஆனால் அதிகம் வருவது ஆட்களை வேலையிலிருந்து எப்படி ஒழுங்காக நிற்பாட்டுவது என்ற கேள்விதான். நாங்கள் ஆலோசனை சொல்வோம், முடிவு அவர்களுடையது. வேலைக்குச் சேர்ந்த அன்றே இதைச் சொல்லித் தந்துவிட்டார்கள்.

எங்கள் சனத்துக்கு இதை விளங்கப்படுத்துவது பெரும்பாடு. டென்மார்க்குக்கு வந்த எங்கள் ஆட்கள் மீன் வெட்டினார்கள், ஆஸ்பத்திரி துடைத்தார்கள், தொழிற்சங்கக் காசைத் தவறாமல் கட்டினார்கள். அவர்கள் வளர்த்த பிள்ளை ஒன்று போய் மற்றப் பக்கத்தில் குந்தியிருக்கிறது. "வாறா எங்கடை முதலாளியம்மா, எல்லாரும் எழும்பி நில்லுங்கோ" என்று என்னைப் பகிடி பண்ணுவது அம்மாவின் தம்பி, என் மாமா. வேறு யாரும் சொன்னால் எனக்குக் கோபம் வரும். மாமா சொன்னால் சிரிப்பேன். சட்டம் படித்த காலம் முழுக்க நான் இருந்தது தலைநகருக்குப் பக்கத்தில் ஹ்விடோவ்ரேயில் அவருடைய வீட்டில்தான். இரண்டு அறையில் ஒன்றை எனக்குத் தந்துவிட்டு, அவரும் மாமியும் மகளும் மற்றதில் படுத்தார்கள்.

அந்த மகள் கலியாணம் முடித்து நாட்டின் மற்றக் கரையில், எஸ்பியர்க்கில் இருக்கிறாள். அவளுடைய புருசன் வேலை செய்வது துறைமுகத்துக்குப் பக்கத்தில், மீன் அடைக்கிற பிளாஸ்டிக் பெட்டி செய்யும் தொழிற்சாலையில். அவர்களுக்கு ஒரு பெண்குழந்தை பிறந்ததிலிருந்து மாமாவுக்கு ஹ்விடோவ்ரேயில் கால் பாவவில்லை. லீவு கிடைத்தால் ரயில், எஸ்பியர்க். திரும்பி வந்தால் குழந்தையின் வீடியோவை எல்லாருக்கும் காட்டுவார். பார்க்காவிட்டால் விடமாட்டார்.

ஒரு நாள் காலை எனக்கொரு அழைப்பு வந்தது. ஒரு கம்பனியின் ஆளணிப் பொறுப்பாளர், மரியாதையான பெண்மணி. "இது எங்களுக்குள் இருக்கவேண்டும்" என்றுதான் தொடங்கினார். எல்லாரும் அப்படித்தான் தொடங்குவார்கள். உரிமையாளர்கள் வெளிநாட்டில் இருக்கிறார்களாம். உற்பத்தியை வேறு நாட்டுக்குக் கொண்டுபோகத் தீர்மானிக்கப் போகிறார்களாம். தொழிலாளர் பிரதிநிதிகளோடு எப்போது பேசவேண்டும், அரசாங்கத்துக்கு எப்போது அறிவிக்கவேண்டும், எந்த ஒழுங்கில் செய்தால் சட்டத்துக்குச் சரி என்று கேட்டார். எந்த ஊர் என்று விசாரித்தேன். எஸ்பியர்க் என்றார். என்ன உற்பத்தி என்றேன். மீன் பெட்டி என்றார்.

என்னுடைய குரல் மாறவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்னில் எரிச்சல் வருகிறது. முறைப்படி ஒவ்வொன்றாகச் சொன்னேன், நன்றி சொல்லி வைத்தார். மச்சாளின் புருசனை நினைத்து நெஞ்சு கனத்தது. ஆனால் அவனுக்கு இளமை இருக்கிறது, பழைய தொழிலாளி என்ற உரிமை இருக்கிறது, பக்கத்தில் தொழிற்சங்கமும் இருக்கிறது. வரவேண்டிய நேரத்தில் செய்தி வரும், சமாளிப்பான் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமாவும் மாமியும் என் வீட்டுக்கு வந்தார்கள். மாமி கத்தரிக்காய்க் குழம்பு கொண்டுவந்திருந்தார். மாமா முகமெல்லாம் சிரிப்பு. மேசையில் ஒரு கடதாசி உறையை வைத்தார்.

"முதலாளியம்மா, இதை ஒருக்கா வாசிச்சுச் சொல்லு. மருமகன் கதைச்சு எனக்கும் அங்கை ஒரு இடம் எடுத்துத் தந்திட்டான்."

எங்கள் ஆட்களின் வழக்கம் இது. ஒருவன் ஒரு தொழிற்சாலைக்குள் காலை வைத்தால் அண்ணன், மச்சான், சகலன் என்று வரிசையாக உள்ளே எடுப்பான். அதனால்தான் எங்கள் சனம் இந்த நாட்டில் காலூன்றியது. நானும் அதைப் பெருமையாகப் பலரிடம் சொன்னவள்.

உறையைப் பிரித்தேன். அதே கம்பனி. சம்பளம் சரி, நேரம் சரி, தொழிற்சங்க உடன்படிக்கையின்படி எல்லாம் சரி. புதிதாகச் சேருகிறவரை நிற்பாட்டுவதென்றால் அநேகமாக முன்னறிவிப்பே தேவையில்லை என்பதும் அந்த உடன்படிக்கையில்தான் இருந்தது.

"என்ன பிள்ளை, பிழை ஏதும் இருக்கோ?"

"இல்லை மாமா. கொன்ட்ராக்ட் நல்லாத்தான் இருக்கு." கடதாசியை உறைக்குள் வைத்தபடி, "ஆனா நீங்கள் ஏன் இவ்வளவு அவசரப்படுறியள்?" என்றேன்.

"அவசரமோ? குழந்தை நடக்கத் தொடங்கிட்டுது!"

ஆஸ்பத்திரித் துப்புரவு வேலையை விடப்போகிறாராம். அது எவ்வளவு நிரந்தரமான வேலை என்று ஊருக்கே தெரியும். ஹ்விடோவ்ரே வீட்டையும் கொடுக்கப்போகிறாராம். வாடகை குறைந்த அந்த மாதிரி வீட்டுக்கு இங்கே ஆட்கள் வருடக்கணக்காகக் காத்திருக்கிறார்கள், ஒருமுறை கையைவிட்டால் திரும்ப வராது. சொல்லக்கூடியதை எல்லாம் சொன்னேன். எஸ்பியர்க்கில் காற்று உங்களுக்கு ஒத்துக்கொள்ளாது என்றேன். நின்று செய்கிற வேலை, இடுப்பு நாரி நோகும் என்றேன். வீட்டையாவது கொஞ்ச நாள் வைத்திருங்கோ என்றேன். நான் சொன்னது ஒவ்வொன்றும் எனக்கே சப்பென்று இருந்தது.

மாமி பாத்திரத்தைக் கழுவியபடி, "படிச்ச பிள்ளையளுக்கு பக்டரி வேலை எண்டா இளக்காரம்தான்" என்றார். நான் அழாதது ஆச்சரியம்.

அடுத்த நாள் அந்தப் பெண்மணியை நானே கூப்பிட்டேன். இப்படியொரு தீர்மானம் வரப்போகிற நேரத்தில் புதிய ஆட்களை எடுப்பது நல்லதல்ல, பின்னால் கேள்வி வரும் என்று சங்கத்தின் ஆலோசனையாகச் சொன்னேன். அது உண்மையும்தான். அவர் பெருமூச்சு விட்டார். "எனக்கும் பிடிக்கவில்லை. ஆனால் ஆள் எடுப்பதைத் திடீரென்று நிறுத்தினால் எல்லாருக்கும் விளங்கிவிடும். கடைசி நாள் வரை பெட்டி போகவேண்டும் என்கிறார்கள்" என்றார். ஆலோசனை எங்களுடையது, முடிவு அவர்களுடையது.

பிறகு என் மேலாளரிடம் போனேன். நல்ல மனுசன், எல்லாவற்றையும் கேட்டார். இந்தக் கோப்பை இன்னொருவரிடம் மாற்றிவிடலாம் என்றார். கோப்பு மாறும், என் தலைக்குள் இருப்பது மாறுமா என்று கேட்டேன். அவர் யன்னல் பக்கம் பார்த்தார். "உன் மாமாவுக்கு நீ சொன்னால் அவர் மருமகனுக்குச் சொல்வார். அவன் எல்லாருக்கும் சொல்வான். அங்கே வேலை செய்கிற அத்தனை பேரும் வதந்தியில்தான் தங்கள் செய்தியை அறிவார்கள். எங்களை நம்பி இனி யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். கேட்காமல் செய்தால் இன்னும் மோசமாகச் செய்வார்கள்" என்றார்.

அவர் சொன்னதில் எனக்கு ஒரு பிழையும் பிடிக்கத் தெரியவில்லை. எங்கள் ஆட்களின் வாயைப் பற்றி அவருக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். கோயிலில் ஒரு காதில் போட்டால் பூசை முடியமுதல் டென்மார்க் முழுக்கப் போய்விடும். "மாமா, ஒருதரிட்டையும் சொல்லாதேங்கோ" என்று சொல்லிவைக்கலாம்தான். மாமா சொல்லவும் மாட்டார். ஆனால் கையில் கிடைத்த வேலையை மாமனார் ஏன் வேண்டாம் என்கிறார் என்று மருமகன் கேட்டால், அந்த மனுசனுக்குப் பொய் சொல்லத் தெரியாது.

ஒரு கிழமை கழித்து மாமா தொலைபேசி எடுத்தார். "ஒப்சியெல்ஸ குடுத்திட்டன் பிள்ளை. வீட்டுக்கும் சேர்த்துத்தான்." விலகல் கடிதத்துக்கான டேனிஷ் சொல்லை அவர் பாட்டுப் பாடுவதுபோலச் சொன்னார். நான் சந்தோசம் மாமா என்றேன். வேறு என்ன சொல்வது?

பெட்டிகள் கட்டுகிற நாளில் உதவிக்குப் போனேன். நான் படித்த அறையின் சுவரில் என்னுடைய மேசை உரசிய தடம் அப்படியே இருந்தது. மாமா அதற்கு வெள்ளைப் பூச்சுப் பூசிக்கொண்டிருந்தார், வீட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது குறை சொல்லக்கூடாதாம். பிரஷை வாங்கி மிச்சத்தை நானே பூசினேன்.

மாமா அங்கே புதிய சப்பாத்து காலுக்குப் பழகமுதல் செய்தி வந்துவிட்டது. எல்லாம் முறைப்படி நடந்தது. பிரதிநிதிகளோடு பேசினார்கள், அரசாங்கத்துக்கு அறிவித்தார்கள், பழைய ஆட்களுக்குப் பயிற்சி, கால அவகாசம் எல்லாம் கொடுத்தார்கள். மருமகனுக்கும் கிடைத்தது. புதிதாக வந்தவர்கள் முதலில் போனார்கள். மாமாவும் மாமியும் மகளின் வீட்டில், குழந்தையின் அறையில் படுக்கிறார்கள்.

குழந்தையின் பிறந்தநாளுக்குப் போயிருந்தேன். மண்டபத்தில் கேக் வெட்டி முடிந்து சாப்பாடு நடந்தது. தொழிற்சாலையில் வேலை இழந்த ஒருவர், என்னைத் தெரிந்த அண்ணை, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: "முதலாளிமாற்றை சங்கத்திலை இருக்கிற ஆக்களுக்கு இதெல்லாம் முதலே தெரியும். எங்களுக்குத்தான் கடைசியாத் தெரியும்."

நான் வாயைத் திறக்கமுதல் மாமா எழும்பிவிட்டார். அவர் சத்தம் போட்டு நான் அதற்குமுன் கேட்டதில்லை.

"என்ன கதைக்கிறாய் நீ? அவள் என்ரை வீட்டிலை வளந்த பிள்ளை. தெரிஞ்சிருந்தா எனக்குச் சொல்லாமல் விட்டிருப்பாளோ?"

அந்த அண்ணை மன்னிப்புக் கேட்டார். மாமி என் தட்டில் இன்னொரு வடை வைத்தார். அன்றைக்கு என் வீட்டில் சொன்னதற்கு அது ஈடு என்று எனக்கு விளங்கியது. கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

நான் வெளிக்கிடும் நேரம் மாமா என்னைக் கார் வரைக்கும் கொண்டுவந்து விட்டார். காற்று அடித்தது. கோட்டுக்குள்ளிருந்து ஒரு உறையை எடுத்தார். துறைமுகத்தில் வேறொரு கம்பனி, குளிர்களஞ்சியம், அவரைக் கூப்பிட்டிருக்கிறதாம். நாளைக்குக் கையெழுத்து வைக்கவேண்டும்.

"ஒருக்காப் பாத்துச் சொல்லு."

கார் விளக்கில் வாசித்தேன். அந்தக் கம்பனியைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது. எங்கள் உறுப்பினர் என்பதைத் தவிர, சத்தியமாக ஒன்றுமே தெரியாது. ஒரு முறை சுட்ட கை, வரிவரியாகப் பார்த்தேன். இரவு வேலை கொஞ்சம் இருந்தது, அவருடைய வயதுக்கு யோசிக்கவேண்டிய விசயம்.

"கொன்ட்ராக்ட் நல்லாத்தான் இருக்கு மாமா," என்றேன். "ஆனா ஏன் நாளைக்கே? கொஞ்சம் யோசிச்சு..."

மாமா என் முகத்தைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். அப்போதுதான் நான் என்ன சொல்லியிருக்கிறேன் என்று எனக்கே உறைத்தது. முதல் கொன்ட்ராக்டுக்குச் சொன்ன அதே வசனம், அதே மாதிரி. மண்டபத்தில் எனக்காகச் சத்தம் போட்ட மனுசனின் முகம் மெல்ல மாறியதைக் கண்டேன். கோபம் இல்லை. கோபமாவது வந்திருக்கலாம்.

"விளங்குது பிள்ளை," என்றார். என் கையிலிருந்த கடதாசியை வாங்கி நாலாக மடித்தார். "நீ ஒண்டும் சொல்லவேண்டாம். உன்ரை வேலைக்குப் பிரச்சினை வரும். நான் இதுக்குப் போகேல்லை."

"மாமா, இது அப்பிடி இல்லை."

"எது அப்பிடி?" என்று கேட்கவில்லை அவர். கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது. கார்க் கதவைச் சாத்திவிட்டு, "கவனமாப் போ, போய்ச் சேர்ந்த உடனை போன் அடி" என்றார். கண்ணாடியில் பார்த்தேன். மடித்த கடதாசியைக் குப்பைத் தொட்டிக்குள் போட்டுவிட்டு மண்டபத்துக்குத் திரும்பி நடந்தார்.