முதல் அடுப்பு

ஃபலேசிக்கு ஊரில் யாரும் வழிவிட்டதில்லை. முலாஞ்சே மலையடிவாரச் சந்தையில் மண்டாசி என்கிற மாவுருண்டை பொரித்து விற்பவள் அவள். மாவில் சர்க்கரையைக் கொஞ்சம் தாராளமாகப் போடுவாள், பேச்சில் காரத்தை அதைவிடத் தாராளமாகப் போடுவாள். சந்தையில் நல்ல இடம் வேண்டுமென்றால் சண்டை போட்டுத்தான் பிடிக்க வேண்டும், பிடித்தாள். புருஷன் தென்னாப்பிரிக்காவுக்கு வேலை தேடிப் போனவன், போனவன்தான். மகன் யாங்கோவை அவள் ஆளாக்கியதெல்லாம் அந்த வாயை வைத்துத்தான்.

யாங்கோவுக்கு ஒன்பது வயதில் தாடை வீங்கியது. பல்வலி என்று வேரை அரைத்துப் பூசிப் பார்த்தார்கள். வீக்கம் கண்ணை மறைக்க ஆரம்பித்ததும் பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள். புற்றுநோய் என்றார்கள். ஊசி போட்டால் வற்றும் என்றார்கள். வற்றவும் செய்தது.

அங்கே பிள்ளைக்குத் துணையாக வந்தவர்கள்தான் சமைத்துப் போட வேண்டும். வார்டுக்குப் பின்னால் ஒரு நீளமான கொட்டகை. புகையில் கறுத்த சுவர், கொஞ்சம் அடுப்புகள், நிறைய அம்மாக்கள். வந்ததும் அவரவர் பானையைத் தரையில் வரிசையாக வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். முதல் நாளே ஃபலேசி தன் பானையைக் காலால் முன்னே தள்ளப் பார்த்தாள். ஒரு கை அதைப் பிடித்துத் திரும்ப வைத்தது.

"இது சந்தை இல்லை, யாங்கோ அம்மா. பானைக்குப் பின்னால பானை. வா, என் பக்கத்துல உக்காரு."

அவள்தான் எனலேசி. மகள் தடாலாவோடு வெகுநாளாக அங்கேயே கிடப்பவள். எந்தப் பிள்ளை எந்த மருந்துக்கு வாந்தி எடுக்கும், எந்த நர்ஸிடம் கெஞ்சினால் காரியம் ஆகும், எல்லாம் அத்துப்படி. புதிதாக வந்து சுவரைப் பார்த்து அழுகிற அம்மாக்களின் முதுகைத் தடவிக் கொடுப்பதும் அவள்தான். ஃபலேசிக்கு வாழ்க்கையில் அப்படி ஒருத்தி கிடைத்ததில்லை. இருவரும் ஒரே பானையில் களி கிண்டினார்கள், ஒரு கைப்பிடி உசிப்பா கருவாட்டையும் பங்கு போட்டார்கள். ஒருத்தி துவைக்கப் போனால் மற்றவள் இரண்டு பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டாள். எதையும் மறைக்காமல் பேசிக்கொள்கிறோம் என்று ஃபலேசி நம்பினாள். தன் பங்குக்கு அவள் எதையுமே மறைக்கவில்லை.

மழைக்காலம் பாதி கடந்தபோது வீக்கம் மறுபடி தலைகாட்டியது. டாக்டர் ஃபலேசியின் அண்ணன் வைசனை வரச் சொல்லி ஆள் அனுப்பினார். எங்கள் பக்கத்தில் பிள்ளைக்கு அப்பனைவிடத் தாய்மாமன் பெரியவன். கனமான பேச்சு எதுவானாலும் அவன் காதில்தான் முதலில் விழும். வைசன் டாக்டர் அறைக்குப் போனார், வெளியே வந்தார், எனலேசியைத் தனியே கூப்பிட்டு ஏதோ பேசினார். பிறகு தங்கையிடம் வந்தார்.

"இந்த ஊசி போதுமாம். வேற மருந்து வரவழைக்கிறாங்க. அதுவரைக்கும் பிள்ளை நல்லாச் சாப்பிடட்டும்."

மருமகனுக்கு ஒரு பாட்டில் ஆரஞ்சு ஜூஸ் வாங்கிக் கொடுத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று போய்விட்டார். எப்போதும் பையனின் காதைத் திருகி வம்பிழுக்கிறவர், அன்று இழுக்கவில்லை.

மறுநாள் காலை ஃபலேசியின் பானை வரிசையில் முதலில் இருந்தது. யார் நகர்த்தினார்களோ தெரியாது. "போ, நீ முதல்ல வை" என்றார்கள். அதற்கடுத்த நாளும் அப்படியே. காய்ந்த விறகாகப் பார்த்து அவள் பக்கம் தள்ளினார்கள். ஃபலேசிக்குப் பெருமை பிடிபடவில்லை.

"பாத்தீங்களாக்கா, கடைசியில என் வாய்க்குப் பயந்துட்டாங்க."

எனலேசி கருவாட்டைக் கிளறிக்கொண்டே, "ஆமா, ரொம்பத்தான் பயம்" என்றாள்.

யாங்கோ ஒன்றே ஒன்றைத்தான் கேட்டுக்கொண்டிருந்தான். முதல் மழைக்கு வீட்டுக்குப் பின்னால் அவனே ஊன்றிய சோளம் இந்நேரம் பால் பிடித்திருக்கும். "அம்மா, முத்திப் போறதுக்குள்ள போவோம்மா. தின்னுட்டு வந்துடலாம்." ஃபலேசி முதலில் கொஞ்சினாள், பிறகு அதட்டினாள். "புது மருந்து வரப்போகுது, உனக்குச் சோளம் கேக்குதா? இன்னொரு தரம் வீடுன்னு சொன்னே, வாயிலயே போடுவேன்." பையன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அப்போது எனலேசி பக்கத்துக் கட்டிலில்தான் உட்கார்ந்திருந்தாள், தடாலாவுக்குத் தலை வாரிக்கொண்டு.

ஒரு காலை ஃபலேசி கொட்டகைக்குப் போனபோது முதல் அடுப்பில் லுஃபினா என்ற சின்னப் பெண்ணின் பானை கொதித்துக்கொண்டிருந்தது. வந்து அதிக நாள் ஆகாதவள், இடுப்பில் கைக்குழந்தையோடு அலைபவள். ஃபலேசி சிரித்துக்கொண்டே இடுப்பில் கை வைத்தாள்.

"என்னம்மா இது, என் சிம்மாசனத்துல வேற மகாராணி?"

யாரும் சிரிக்கவில்லை. லுஃபினா தண்ணீர் எடுக்க வெளியே போகும்வரை காத்திருந்த டோலிகா என்ற இன்னொரு அம்மா குரலைத் தாழ்த்தினாள். நல்லவள், நாக்குதான் மூளையைவிட வேகம்.

"அவ பிள்ளைக்கு இனி செய்ய ஒண்ணும் இல்லைன்னு நேத்து சொல்லிட்டாங்களாம். அந்த மாதிரி அம்மாவை வரிசையில நிக்க வைக்கக் கூடாது. அவ நேரம் பிள்ளைகிட்டப் போகணும். இங்க வழக்கம் அதுதானே."

சொல்லி முடித்த பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்பது அவளுக்கு உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். கொட்டகையில் இருந்த அத்தனை பேரும் ஃபலேசியைப் பார்க்காமல் அடுப்பைப் பார்த்தார்கள்.

ஃபலேசி மெல்லத் திரும்பினாள்.

"அக்கா. அண்ணன் வந்துட்டுப் போன அன்னிக்கா?"

எனலேசி எழுந்து வந்து கையைப் பிடிக்கப் பார்த்தாள். "உங்க அண்ணன்தான் சொல்லாதேன்னாரு. நானும் யோசிச்சேன். நீ சிரிச்சுக்கிட்டு ஊட்டினே, அவனும் நாலு வாய் தின்னான். அதை நான் எப்படிடீ கெடுக்கிறது?"

"அவன் வீட்டுக்குப் போகணும்னு கேட்டான். நான் அடிக்கக் கை ஓங்கினேன். நீங்க பக்கத்துலதான் உக்காந்திருந்தீங்க."

எனலேசி மறுபடி அவள் கையைப் பற்றினாள். ஃபலேசி கையை உதறிக்கொண்டு, பானையை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு வார்டுக்கு நடந்தாள். போகிற போக்கில் டோலிகாவின் போனை வாங்கி அண்ணனை அழைத்தாள்.

"நீ தாங்கமாட்டேன்னுதான் ஃபலேசி..."

"என் புள்ளை சாகப் போறது அடுப்புக்கெல்லாம் தெரியும். பெத்தவளுக்குத் தெரியாது. நல்லா இருங்கண்ணே."

வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றதும் நர்ஸ் வலிக்கு ஒரு மருந்து பாட்டிலைக் கொடுத்து, எப்படிக் கொடுப்பது என்று பொறுமையாகச் சொல்லி அனுப்பினாள். ஃபலேசி மகனைத் துணியில் சுற்றி முதுகில் கட்டிக்கொண்டாள். ஒன்பது வயதுப் பையன் அவ்வளவு லேசாக இருந்தான். வாசலில் எனலேசி ஒரு பொட்டலத்தோடு நின்றாள். ஃபலேசி அவளை ஒரு தூணைக் கடப்பதுபோலக் கடந்து போனாள்.

வீட்டுக்குப் பின்னால் சோளம் பாதிக்கு மேல் முற்றியிருந்தது. தேடித் தேடி, நகம் அழுந்துகிற கதிர்களாக ஒரு மடி பறித்தாள். சுட்டுக் கொடுத்தால் அவனால் மெல்ல முடியாது. வேகவைத்து மசிக்க வேண்டும். வீட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. பக்கத்து வீட்டுக்காரியை அவனருகே உட்கார வைத்துவிட்டு, வாளியோடு அடிகுழாய்க்கு ஓடினாள்.

குழாயடியில் நீண்ட வரிசை. வருடக்கணக்காக அவளோடு இடத்துக்குச் சண்டை போட்ட சந்தைக்காரிகள் எல்லோரும் இருந்தார்கள். அவள் வருவதைக் கண்டதும் பேச்சு நின்றது. ஒருத்தி வந்து ஃபலேசியின் கையிலிருந்து வாளியை வாங்கினாள், எல்லா வாளிகளையும் தாண்டிப் போய்க் குழாய்க்குக் கீழே வைத்தாள். அத்தனை பேரும் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

ஆக, இங்கேயும் எல்லோருக்கும் முன்பே தெரியும்.

வாளியை எடுத்துக் கடைசியில் கொண்டுபோய் வைக்க வேண்டும், ஒருத்தியும் என் முகத்தில் முழிக்காதீர்கள் என்று கத்த வேண்டும் போலிருந்தது. கால் எடுத்தும் வைத்தாள். வரிசையின் நீளத்தை ஒருமுறை பார்த்தாள். வீட்டில் யாங்கோ விழித்துக்கொண்டு, சோளம் வெந்துவிட்டதா என்று கேட்டுக்கொண்டிருப்பான்.

ஃபலேசி யார் முகத்தையும் பார்க்காமல் முன்னே போய்க் குழாயை அடித்தாள்.