கடைசி வயலுக்குக் குரல் கொடுக்காத நாள்

உங்கள் தாய்மாமா ஏன் நம் வீட்டுக்கு வருவதில்லை என்று கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். அம்மாவைக் கேட்காதீர்கள். தப்பு என்னுடையது, நானே எழுதிவிடுகிறேன்.

2009 வாக்கில், சிதம்பரத்து வாத்தியார் ஒருவர் ஞாயிற்றுக்கிழமைகளில் வெளியூர்க்காரர்களை நம் ஊருக்கு அழைத்து வருவார். சோழர் காலத்தில் எப்படி விவசாயம் பார்த்தார்கள் என்று வயல்வழியே நடந்து பார்ப்பதற்கு. வழிகாட்ட என்னைக் கூப்பிட்டார். எட்டாவது படித்த என்னை அவர்கள் ‘சார்’ என்றார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது.

ஏரிக்கரைக் கல்மதகில்தான் அதிக நேரம் நிற்பார்கள். துளையில் செருகிய மரக்கட்டையைத் தூக்கினால் தண்ணீர் வாய்க்காலில் இறங்கும். ஆனால் அதற்கு முன், பள்ளத்தில் இருக்கும் கடைசி வயலுக்குக் குரல் கொடுக்க வேண்டும். அங்கே இருப்பவர் வாய்க்காலைப் பார்த்த தன் வரப்பு மடையை அடைத்துவிட்டு, “அடைச்சாச்சு” என்று சொன்ன பிறகுதான் கட்டையைத் தொடலாம். அன்றுமுதல் இன்றுவரை இதுதான் முறை என்று எல்லோருக்கும் சொல்வேன்.

அந்தக் கடைசி வயல் உங்கள் மாமாவுடையது. அந்தத் தை மாதம் நெல்லை அறுத்து கைப்பிடி கைப்பிடியாக, அரி அரியாகக் காயப் போட்டிருந்தார். ஈரம் வடிய மடை திறந்திருந்தது. முந்தின வருஷம் எல்லாம் வெள்ளத்தில் போனதால், வீட்டுச் சாப்பாட்டுக்கு அந்த நெல்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“என்னா மாமா, ஒங்க மதகுக் கல்லு இன்னிக்கி என்னா சொல்லுது? மழ இல்லன்னு சொல்லச் சொல்லுங்க. நாளைக்கிக் கட்டு கட்டிட்றேன்.”

மதகடியில் நான் முறையைச் சொல்லி முடித்ததும் வந்தவர்களில் ஒரு அம்மா, “தண்ணி ஓடுனா போட்டோ நல்லா வரும் சார்” என்றார். மாமா சாப்பிடப் போயிருந்தார். கூப்பிட்டாலும் பதில் வராது. இரண்டு நிமிஷம்தானே என்று கட்டையைத் தூக்கினேன். எல்லோரும் கைதட்டினார்கள். திரும்பச் செருகினேன். சரியாக உட்கார்ந்ததா என்று தண்ணீரில் இறங்கிப் பார்க்கவில்லை. புது வேட்டி நனையுமே என்று இருந்துவிட்டேன்.

மறுநாள் விடிந்தபோது அவர் வயலில் கணுக்கால் தண்ணீர். அரியெல்லாம் ஊறிக் கிடந்தது. நானும் உங்கள் அம்மாவும் அள்ளிக் கரையில் போட்டோம். மூன்றாம் நாள் நெல் முளைவிட்டுவிட்டது.

“மச்சான், நம்ம வூட்டு நெல்ல எடுத்துக்க” என்றேன்.

“வேணாம் மாமா. ஊருக்கெல்லாம் சொல்லிக் குடுக்கறீங்க. எனக்கு ஒரு கொரல் குடுக்கக் கூடாதா?”

அதுதான் என்னோடு அவர் கடைசியாகப் பேசியது. அந்த வருஷமே குடிகாடு என்ற ஊர்ப் பக்கம் கம்பெனி வேலைக்குப் போய்விட்டார். வயலில் கருவேலம் ஏறிவிட்டது.

அதன்பிறகும் இரண்டு வருஷம் நான் வழிகாட்டப் போனேன். மதகடியில் நின்று ஒவ்வொரு தடவையும் கடைசி வயலைப் பார்த்துக் குரல் கொடுப்பேன். வந்தவர்கள் காத்திருப்பார்கள்.

“பதில் வரலியே சார்?”

“அங்க ஆள் இல்லீங்க” என்று சொல்லி, கட்டையைத் தொடாமலே அடுத்த இடத்துக்கு அழைத்துப் போவேன்.