பந்து தெரியும் வரை

ஹேடோ மைதானத்தில் ஆட்டம் எப்போது முடியும் என்பதை இருட்டுதான் முடிவு செய்யும். மத்தியானம் சாப்பிட்ட கையோடு ஆரம்பிப்பார்கள். ஐந்து மணி வாக்கில் பந்து கண்ணுக்குத் தெரியாமல் போகும். யாராவது ஒருவர் "பஸ், போதும், பந்து தெரியல" என்று கத்துவார். அதோடு சரி. அப்போது என்ன ஸ்கோரோ அதுதான் ஸ்கோர். நடுவர் வைத்து ஆடினாலும் அவர் கடிகாரத்தைவிட வானத்தைத்தான் அதிகம் பார்ப்பார். கிழக்கே நடுக்கடலில் கிடக்கும் இந்தத் தீவுக்கும் மெயின்லேண்டுக்கும் ஒரே மணிதான். சூரியன் மட்டும் இங்கே முன்னால் வந்து முன்னால் போய்விடும்.

பெனிட்டா அங்கேதான் கோல்கீப்பர் ஆனாள். அப்பா வின்சென்ட் துறைமுகத்தில் கப்பலுக்குக் கயிறு கட்டும் வேலை. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து அவருடைய அப்பா வந்து சேர்ந்த ஊர் இது. குவார்ட்டர்ஸில் எல்லா வீட்டிலும் விடிவதற்கு முன்பே அடுப்பு எரியும். சாயங்காலம் ஜெபமாலை, சாப்பாடு, எட்டு மணிக்குத் தூக்கம். பெனிட்டா பள்ளிக்கூடம் முடித்து, லம்பா லைன் பகுதியில் ஒரு பேக்கரியில் கேக் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் அவளைக் கல்லாவில் பார்க்க முடியாது. முதலாளியம்மா அதற்கும் பழகிப்போயிருந்தாள்.

இருபத்தேழு வயதில், தேசியப் போட்டியில், தீவு அணி ஒரே ஆட்டத்தில் ஒன்பது கோல் வாங்கியது. க்ளவுஸைக் கழற்றாமலே தரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தவளிடம் ஒரு பெண்மணி வந்து போன் நம்பர் கேட்டாள். கோயம்புத்தூர் நொய்யல் அணியின் கோச் சந்திரமதி. முதல் வரிசை லீக்கில் அந்த அணிக்கு அதுதான் முதல் வருஷம்.

"மேடம், நான் ஒன்பது விட்டிருக்கேன்."

"இருபத்தஞ்சு வந்துச்சு. நான் எண்ணிக்கிட்டுதான் இருந்தேன்."

ஒரு சீசனுக்கு ஒப்பந்தம். அணி முதல் வரிசையில் தங்கினால் அடுத்த வருஷமும் உண்டு. கீழே இறங்கினால் அப்புறம் பார்க்கலாம் என்றார்கள். பேக்கரி முதலாளியம்மா அப்படிப் பார்க்கலாம் என்றெல்லாம் சொல்லவில்லை. வேறு பெண்ணைப் போட்டுவிட்டாள்.

கோயம்புத்தூரில் ஆட்டங்கள் விளக்கு போட்டு, இரவு ஏழுக்கு. பெனிட்டா அதுவரை விளக்கு வெளிச்சத்தில் ஆடியதே இல்லை. பந்து பகலைவிட நன்றாகத் தெரிந்தது. முதல் ஆட்டத்தில் இடைவேளை வரை ஒன்றும் விடவில்லை. இரண்டு முறை கம்பத்தின் ஓரத்துக்குப் பாய்ந்து தட்டினாள். கடைசி இருபது நிமிஷத்தில் இரண்டு கோல் போயிற்று. அடுத்த ஆட்டத்திலும் அப்படியே. மூன்றாவது ஆட்டத்தில் ஒன்று பூஜ்யம் என்று முன்னால் இருந்து, முடிவதற்குச் சற்று முன்பு நேராகக் கைக்கு வந்த பந்தை நழுவவிட்டாள். அப்படி ஒரு பந்தை அவள் பன்னிரண்டு வயதில்கூட விட்டதில்லை.

"உடம்புல தெம்பு பத்தல," என்றாள் சந்திரமதி. கூடுதலாக ஓடச் சொன்னாள். பெனிட்டா ஓடினாள். விடிகாலையில் விடுதியே தூங்கிக்கொண்டிருக்க, அவள் மட்டும் எழுந்து, குளித்து, ஜெபம் சொல்லி, மைதானத்தைச் சுற்றிவிட்டு வந்து எல்லோருக்காகவும் காத்திருப்பாள். ஒரே அறையில் இருந்த ரூபா திண்டுக்கல்காரி, இருபது வயது, தடுப்பாட்டக்காரி. போர்வைக்குள்ளிருந்து திட்டுவாள்.

"சேவலக்கா, லைட்ட அணைங்க. நெசச் சேவல்கூட இன்னும் எந்திரிக்கல."

"விடிஞ்சிட்டுடி."

"எங்க விடிஞ்சிட்டு? உங்க தீவுல விடிஞ்சிருக்கும். இது கோயம்புத்தூரு."

அது பகடியாகத்தான் போயிற்று. இரண்டு பேருக்கும் அதில் விஷயம் இருப்பதாகத் தோன்றவில்லை.

ஒவ்வொரு ஆட்டத்துக்கும் மறுநாள் காலையில் அப்பா கூப்பிடுவார். ஆட்டத்தைப் போனில் காட்டுகிறார்கள், தான் பார்ப்பதாகச் சொல்வார். பாய்ந்து தட்டியதைச் சொல்வார். வாங்கிய கோலைப் பற்றி ஒரு வார்த்தை வராது. மகள் மனம் நோகக் கூடாது என்று பார்க்கிறார் என பெனிட்டா நினைத்துக்கொண்டாள். அந்தக் கரிசனமே அவளுக்குத் தாங்க முடியாததாக இருந்தது. ஐந்தாவது ஆட்டமும் தோற்ற மறுநாள் வெடித்துவிட்டாள்.

"அப்பா, அந்தக் கடைசி கோலப் பத்தி ஏதாவது சொல்லுங்களேன். திட்டவாவது செய்யுங்க."

"எந்தக் கோலு?"

"எந்தக் கோலா? தோத்துட்டோம்பா!"

"அரே... ஜெயிச்சிட்டீங்கன்னுல்ல எல்லார்ட்டயும் சொல்லிட்டு வாரேன்," என்றார் வின்சென்ட்.

"நீங்க பாக்கலயா?"

"பாத்தேம்ட்டி. ஒன்னு பூஜ்யம் இருக்க வரைக்கும் பாத்தேன். அப்புறம் கண்ணு சொருகிட்டு. எல்லா மேட்சும் அப்படித்தான் ஆகுது. காலையில ஒன்ட்ட கேக்க வெக்கமா இருந்துச்சு. நாலு மணிக்கு எந்திரிக்கிற மனுசன் எவ்வளவு நேரம்ட்டி முழிச்சிருக்கது?"

ஜன்னலுக்கு வெளியே அப்போதுதான் வெளுத்துக்கொண்டிருந்தது. அவள் குளித்துத் தலை துவட்டி முடித்திருந்தாள்.

அப்பா தூங்கும் நேரத்தில்தான் தனக்கும் பந்து கையை விட்டுப் போகிறது. கண் திறந்திருக்கிறது, கால் நிற்கிறது. ஆனால் இருட்டி வெகுநேரம் ஆகிவிட்டது, ஆட்டம் எப்போதோ முடிந்துவிட்டது என்று உடம்புக்குள் எதுவோ கடையைச் சாத்திவிடுகிறது. ஹேடோவில் இத்தனை வருஷம் கற்றுக்கொண்டது அது. அதைச் சந்திரமதியிடம் எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. தூக்கம் வருகிறது மேடம் என்று எந்த கோல்கீப்பர் சொல்வாள்?

ரூபாவிடம் சொன்னாள். ரூபா சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, விடியும் வெளிச்சம் வராதபடி ஜன்னலில் தன் கறுப்புப் போர்வையைக் கட்டினாள்.

எழுவதைவிட எழாமல் இருப்பது கஷ்டம் என்று பெனிட்டா அந்த வாரங்களில் தெரிந்துகொண்டாள். முதல் நாள்களில் இருட்டில் கண்ணைத் திறந்தபடி கிடந்தாள். வீட்டில் இந்நேரம் அம்மா அடுப்பைப் பற்றவைத்திருப்பாள், அப்பா ஜெட்டிக்குப் புறப்பட்டிருப்பார் என்று நினைவு ஓடும். எழுந்துவிடுவாள். "படுங்கக்கா" என்று ரூபா அதட்டுவாள். பிறகு ஒரு நாள் ரூபாதான் அவளை உலுக்கி எழுப்ப வேண்டியிருந்தது. வெயில் சுவரில் ஏறியிருந்தது. அன்று முழுக்க பெனிட்டாவுக்கு ஏதோ திருட்டுத்தனம் செய்ததுபோல இருந்தது. காலை ஜெபத்தைப் பதினோரு மணிக்குச் சொன்னாள்.

ஆட்டங்கள் மாறின. ஒன்று ட்ரா. ஒன்று வெற்றி. கடைசி நிமிஷத்தில் கம்பத்துக்கு மேலே ஒரு பந்தைத் தட்டிவிட்டபோது சந்திரமதி ஓரத்தில் குதித்தாள். தான் கொடுத்த ஓட்டம் வேலை செய்கிறது என்று அவள் எல்லோரிடமும் சொன்னாள். பெனிட்டா மறுக்கவில்லை.

ஆனால் முதலில் விட்ட கோல்கள் விட்டவைதான். கடைசி ஆட்டத்தில் ட்ரா செய்தால்கூடப் போதும், முதல் வரிசையில் தங்கலாம். தோற்றால் கீழே.

முந்தின நாள் அப்பா கூப்பிட்டார். "நாளைக்கு ஷிஃப்ட் மாத்தியாச்சு. மத்தியானம் படுத்து ஒறங்கிருவேன். இந்த மேட்ச பூராவும் பாக்கத்தான் போறேன்."

"மத்தியானம் தூங்குனா அம்மா உங்களுக்குக் காய்ச்சல்னு நெனச்சிரும்."

"இப்பவே தைலத்தத் தேடிட்டிருக்கா."

ஆட்டத்தில் இரண்டு பக்கமும் கோல் இல்லை. எழுபது நிமிஷம் தாண்டியது. பெனிட்டா காத்திருந்தாள், உள்ளே அந்தக் கடை சாத்தப்படுகிறதா என்று. சாத்தப்படவில்லை. எதிர் அணியின் பெண் இடது காலை மாற்றி வைப்பதும், ரூபாவின் காலுறை இறங்கியிருப்பதும், விளக்கைச் சுற்றும் பூச்சிகளும் அவளுக்குத் துல்லியமாகத் தெரிந்தன. மார்புக்கு நேராக வந்த ஒன்றைப் பிடித்தாள். தரையோடு வந்த ஒன்றைக் காலால் தள்ளினாள். முடிய இரண்டு நிமிஷம் இருக்கும்போது ஒரு கார்னர். பந்து வளைந்து வருவதைப் பார்த்தாள். உயரமான பெண் ஒருத்தி ரூபாவின் தலைக்கு மேல் எழும்புவதைப் பார்த்தாள். பாய்ந்தாள், சரியான நேரத்தில், சரியான பக்கம். விரல் நுனியில் பட்டு, கம்பத்தின் உள்பக்கம் உரசி, பந்து உள்ளே போயிற்று.

நல்ல தலையடி. வேறொன்றும் சொல்வதற்கில்லை.

மைதானத்தில் உட்கார்ந்து அழுத ரூபாவைத் தூக்கி நிறுத்தியது பெனிட்டாதான்.

சென்னையிலிருந்து கப்பலில் வந்தாள். ஹேடோ ஜெட்டியில் கப்பல் அணைந்தபோது மத்தியானம். கீழே வின்சென்ட் கயிற்றை வாங்கி இரும்புத் தூணில் மாட்டிக்கொண்டிருந்தார். மகளைப் பார்த்தும் கையை ஆட்டவில்லை. வேலை முடியாமல் அவர் எவருக்கும் கையாட்டுவதில்லை. அவள் பையோடு இறங்கி வந்து பக்கத்தில் நின்ற பிறகு கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டார்.

"பூராவும் பாத்தேம்ட்டி. கண்ண மூடல."

"நானும் முழிச்சுதான்பா இருந்தேன்."

"தெரிஞ்சுது." அவர் பையை வாங்கிக்கொண்டார். "விரல்ல பட்டுச்சுல்ல?"

"பட்டுச்சு."

இரண்டு பேரும் கேட்டை நோக்கி நடந்தார்கள். ஒரு லாரிக்கு ஒதுங்கி நின்றார்கள்.

"இனிமே?" என்றார்.

"மேடம் வரச் சொல்றாங்க. கீழ் வரிசையில ஆடணும். போலாம்னு இருக்கேன்."

வின்சென்ட் பையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டார்.

"அங்கயும் ராத்திரிதானா?"

"இல்லப்பா. அந்த வரிசைக்கெல்லாம் யாரு விளக்கு போடுவா? மூணு மணி வெயில்லதான் ஆட்டம்."

"டீக் ஹை," என்றார் வின்சென்ட். "அப்ப நான் மத்தியானம் ஒறங்க வேண்டாம்."