உடைந்த விரல்களும் ஒரு நுழைவுத் தேர்வும்

ஆயர் தாவார் பக்கத்துத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்த பெட்ரீசியா, முப்பத்தாறு வயதில் ஈப்போவில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்தாள். கணவன் கேப்ரியல் சிம்பாங் பூலாய் கல் குவாரியில் லோரி ஓட்டினான். கல்யாணமான பதினொரு வருடத்தில் ஒருமுறை அறைந்து அவள் காது ஜவ்வைக் கிழித்திருந்தான். இன்னொருமுறை கொதிக்கும் குழம்பைச் சட்டியோடு வீசியிருந்தான்.

தொழிற்சாலை, நிர்வாகப் படிப்புக்கு இரண்டு பேரைப் பினாங்குக்கு அனுப்பப் போவதாக அறிவித்தது. நுழைவுத் தேர்வில் தேற வேண்டும். பெட்ரீசியா பெயர் கொடுத்தாள். வீட்டில் மூச்சு விடவில்லை. சாப்பாட்டு நேரத்தில் கெண்டினில் உட்கார்ந்து படித்தாள். அடுக்குக் கணக்குகள்தாம் அவளை வதைத்தன. ஒரு கணக்குக்கே தாள் நிறையப் பெருக்குவாள். ஐந்து நிமிடம் ஓடிவிடும். கூட வேலை செய்து, அதே தேர்வுக்குப் படித்த தினேஸ்வரிக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

"அக்கா, எதுக்கு முழுசா பெருக்குறீங்க? நாலு பதிலு குடுத்திருக்கான்லா. ஒண்ணுக்கொண்ணு பத்து மடங்கு தள்ளி இருக்கு. ஏழேழு நாப்பத்தொம்பது, அம்பதுன்னு வெச்சுக்குங்க. ரெண்டோட பத்தாம் அடுக்கு ஆயிரம்."

"ஆயிரத்து இருபத்து நாலுலா."

"அந்த இருபத்து நால உடுங்கக்கா! அது போனா குடியா முழுகிடும்?"

தேர்வு ஒரு சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு. அன்று காலை லைட்டர் தேடி அவள் கைப்பையைக் கிளறிய கேப்ரியலின் கையில் தேர்வுக் கடிதம் சிக்கியது.

"பினாங்குக்கு யாரு கூடடி ஓடப் பாக்குறே?"

"படிக்கத்தாங்க…"

முடியைப் பிடித்துச் சுவரில் மோதினான். விழாமலிருக்க அவள் கதவு நிலையைப் பற்றினாள்.

"எழுதுற கைதானே இது?" என்றவன், இரும்புக் கதவை அறைந்து சாத்தினான். எலும்பு முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது.

அவன் வெளியே போனதும் தினேஸ்வரிக்குப் போன் செய்தாள். தினேஸ்வரி மோட்டாரில் ஏற்றிக்கொண்டு கிளினிக்குக்கு விரைந்தாள். டாக்டர் வலது கையில் முறிந்திருந்த இரண்டு விரல்களுக்கும் பட்டை வைத்துக் கட்டினார்.

"போலீஸ்ல ரிப்போர்ட் குடுக்கணும்மா."

"குடுக்குறேன் டாக்டர். பரீட்சய முடிச்சிட்டு வாரேன்."

தேர்வு அறையில், கணினிக்குப் பக்கத்தில், கணக்குப் போட்டுப் பார்க்கத் தந்த பலகையும் பேனாவும் சும்மாவே கிடந்தன. இடது கையால் மவுஸை நகர்த்தினாள். நாடி துடிக்கும்போதெல்லாம் விரல்கள் தெறித்தன. ஏழின் நான்காம் அடுக்கை இரண்டின் பத்தாம் அடுக்கால் பெருக்கினால் எந்த விடைக்கு அருகில் வரும்? ஐம்பதை ஐம்பதால் பெருக்க இரண்டாயிரத்து ஐந்நூறு, அதற்கு ஆயிரம் மடங்கு, இரண்டரை மில்லியன். சொடுக்கினாள். அடுத்ததில், பத்தின் ஒன்பதாம் அடுக்கிலிருந்து ஆயிரத்தைக் கழித்துப் பத்தின் ஆறாம் அடுக்கால் வகுக்க வேண்டும். அவ்வளவு பெரிய எண்ணில் ஆயிரம் போனால் என்ன? விடை ஆயிரம். வலியில் கண் இருட்டியது. பல்லைக் கடித்துக்கொண்டு கடைசிக் கேள்வி வரை போனாள்.

திரையில் மதிப்பெண் வந்தது. தேறியிருந்தாள். அடுத்த கணினியில் எழுதிய தினேஸ்வரியும் தேறியிருந்தாள்.

கடிதத்தில் இடத்தைப் பார்த்து வைத்திருந்த கேப்ரியல், கார் நிறுத்துமிடத்தில் காத்திருந்தான். பெட்ரீசியாவைக் கண்டதும் பாய்ந்து வந்து கழுத்தை நெரித்தான். தினேஸ்வரி அலறினாள். பெட்ரீசியாவின் இடது கைக்கு மோட்டார் மேலிருந்த ஹெல்மெட் அகப்பட்டது. அதை அவன் முகத்தில் இறக்கினாள். மூக்கு உடைந்து ரத்தம் பீறிட்டது, பிடி விட்டது. மறுபடி அடித்தாள். அவன் முழங்காலில் சரிந்தான். இன்னொரு முறையும் அடித்தாள். கட்டடத்துப் பாதுகாவலர்கள் ஓடி வந்து அவளைப் பிடித்தார்கள்.

"போலீச கூப்பிடுங்க. நானே சொல்றேன்," என்றாள்.

கேப்ரியலுக்கு எட்டு மாதச் சிறை கிடைத்தது. தற்காப்புக்காக அடித்தது என்று அவள் மீது வழக்கு எதுவும் போடவில்லை. இரண்டு தோழிகளும் பினாங்குக்குப் புறப்பட்ட அன்று, பஸ் நிலையத்தில் பெட்ரீசியா தாழ்ந்த குரலில் சொன்னாள்:

"மொத ரெண்டு அடியும் உசுருக்குப் பயந்து அடிச்சேன் தினா. மூணாவது, வேணும்னேதான் அடிச்சேன்."

தினேஸ்வரி, தன் பெட்டியோடு அவள் பெட்டியையும் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறினாள்.