வீட்டுக்குள் ஷூ

வீட்டைப் பாதுகாப்பாக மாற்ற யோசனை சொல்ல வந்த பெண்மணி நல்லவர்தான். மறதி நோய் வந்த என் கணவருக்கு எதெல்லாம் ஆபத்து என்று கலிபோர்னியாவில், சான் ரமோனில் எங்கள் வீடு முழுவதும் சுற்றிப் பார்த்தார். அவர் சொன்னபடி குளியலறையில் கைப்பிடிக் கம்பி வைத்தோம், அடுப்புத் திருகுகளுக்கு மூடி போட்டோம். கடைசியாக, வழுக்கி விழாமலிருக்க என் கணவர் நாள் முழுவதும் வீட்டுக்குள்ளேயே ரப்பர் அடி வைத்த ஷூ போட வேண்டும் என்றார். மகன் அன்று மாலையே வாங்கி வந்துவிட்டான்.

மறுநாள் காலையில் மாட்டிவிட்டேன். குனிந்து காலைப் பார்த்தவர், நேராகப் போய் வாசல் கதவைத் திறந்தார்.

"எங்கங்க போறீங்க?"

"பூசைக்கு நேரமாச்சுல்ல. நீ இன்னும் கிளம்பலயா?"

நாங்கள் சர்ச்சுக்குப் போவது ஞாயிற்றுக்கிழமைதான்; அன்று செவ்வாய்க்கிழமை. கூட்டி வந்து உட்கார வைத்தால் காலைப் பார்ப்பார், மறுபடி எழுந்துவிடுவார். அந்த வாரம் முழுக்க இதே கூத்து. ஒருநாள் நான் குக்கரை இறக்குவதற்குள் ஆளைக் காணோம். சிக்னல் பக்கத்தில் யாரோ காரை நிறுத்திவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

"அம்மா, இனிமே உன்னால மேனேஜ் பண்ண முடியாது" என்றான் மகன். "மறதி உள்ளவங்களப் பார்த்துக்கிற மெமரி கேர் ஹோம்ல சேர்த்துடலாம். அங்க டோர் எல்லாம் லாக் பண்ணிருப்பாங்க. அடுத்த வாரம் சண்டே அந்த ஹோம் மேனேஜர் அப்பாவப் பார்க்க வர்றாங்க."

"என்னக் கேட்டியா? அவரக் கேட்டியா?"

"அப்பா சேஃப்டிக்குத்தாம்மா."

கோபத்தில் அன்று பாத்திரங்கள் கொஞ்சம் அதிகமாகவே சத்தம் போட்டன. சாப்பாட்டுக்குப் பிறகு ஷூவைக் கழற்றிவிட்டேன். அப்பாடா என்று சோபாவில் சாய்ந்தவர் அசையவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. பிறந்ததிலிருந்து இந்த மனிதர் செருப்புக் காலோடு வீட்டுக்குள் நடந்ததே கிடையாது. காலில் ஷூ இருந்தால் எங்கோ கிளம்புகிறோம் என்றுதான் அவருக்குத் தெரியும். அவர் ஓடவில்லை, நாங்கள்தான் கிளப்பிவிட்டிருக்கிறோம். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை என்று வேதக்காரி நானும் சொல்லிக்கொண்டேன்.

அவருடைய ஷூ, செருப்பு எல்லாவற்றையும் கராஜ் அலமாரியில் வைத்துப் பூட்டினேன். பிடிப்பு தரைக்கு இருந்தால் போதாதா? படிக்கட்டில் ஒட்டும் சொரசொரப்புப் பட்டையை வாங்கி, வழுக்குகிற இடத்திலெல்லாம் ஒட்டினேன். வெறுங்காலோடு ராஜாவாக நடந்தார். எப்போதாவது வாசல்வரை போவார், செருப்பைத் தேடுவார், கிடைக்காவிட்டால் திரும்பி வந்துவிடுவார். சாயங்காலம் நானே இருவர் ஷூவையும் வாசலில் எடுத்து வைப்பேன். ஆசை தீர நடந்துவிட்டு வருவோம். அவரை அடைத்து வைக்க எனக்கு மனசில்லை, அடைக்க யாரையும் விடுவதாகவும் இல்லை.

"இதெல்லாம் எத்தன நாளைக்கும்மா?" என்றான் மகன்.

"நான் இருக்கிற நாளைக்கு."

ஞாயிற்றுக்கிழமை அந்த மேனேஜர் அம்மாள் வந்தார். ஷூவோடு ஹாலுக்குள் நுழைந்தார். அவருக்குச் சங்கடமாக இருக்கக் கூடாதென்று மகனும் கழற்றாமல் பின்னாலேயே வந்தான். என் கணவர் சோபாவிலிருந்து எழுந்தார். முதலில் இரண்டு பேர் காலையும் பார்த்தார். பிறகு மகன் முகத்தைப் பார்த்தார். யாரென்று தெரியவில்லை.

"தம்பி, ஷூவ வெளிய கழட்டிட்டு வாங்க. இது வீடு."

மகன் வாசலுக்குப் போய், குனிந்து லேஸை அவிழ்த்தான். அவிழ்க்க ரொம்ப நேரமானது.

என் கணவர் என்ன சொன்னார் என்று அந்த அம்மாள் என்னிடம் கேட்டார்.

"இது அவர் வீடாம். வேறெங்கும் வருவதாக இல்லையாம்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

கொஞ்சம் சேர்த்துத்தான் சொன்னேன். வாசலில் நின்ற மகன் அதைத் திருத்தவில்லை.