காயாத இறக்கை

இரும்புலியூரில் ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டியிருந்த ஒரு ஃபைபர் பட்டறையில் பதினோரு வருஷம் வேலை பார்த்தேன். அதற்கு முன்னால் கோவளம் பக்கம் மீன்பிடிப் படகு செய்யும் இடத்தில் இருந்தேன். படகாக இருந்தாலும் தண்ணீர்த் தொட்டி மூடியாக இருந்தாலும் வேலை ஒன்றுதான். அச்சின் மேல் கண்ணாடி நாரை விரித்து, ரெசின் என்கிற பசையைப் பூசி, இறுகியதும் அச்சிலிருந்து பிரித்துத் தூக்க வேண்டும். தூக்கித் தூக்கியே என் இடுப்பு போய்விட்டது. நாற்பத்து நான்கு வயதில், குனிந்தால் நிமிர ஒரு ஆள் வேண்டும் என்கிற நிலை.

முதலாளி கெட்டவர் இல்லை. ஆனால் வாய் சும்மா இருக்காது.

"இன்னாய்யா, புள்ளத்தாச்சி மாதிரி இடுப்புல கைய வச்சுகினு நிக்கிற? முடியலன்னா வூட்டுல குந்திக்க வேண்டியதுதான?"

வீட்டில் உட்கார்ந்தால் யார் சாப்பாடு போடுவார்கள் என்று நான் கேட்டதில்லை. எனக்கு யாரிடமும் எதிர்த்துப் பேச வராது. பேச வேண்டியது பாதி ராத்திரியில்தான் ஞாபகத்துக்கு வரும்.

ஒரு தை மாதம், கிழக்குத் தாம்பரத்திலிருந்து பாங்க் ஆபீசர் ஒருவர் ஸ்கூட்டரில் வந்தார். பின்னால் நீளமாக ஏதோ போர்வையில் சுற்றிக் கட்டியிருந்தது. பிரித்தால் தெர்மாகோலில் செதுக்கிய இறக்கை. ரிமோட்டில் பறக்கும் விமானத்துடையது. போன வாரம் நடுவானில் இறக்கை மடங்கி விமானம் கீழே விழுந்துவிட்டதாம். இதற்கு மேல் ஃபைபர் போட்டு உறுதி செய்ய வேண்டும் என்றார்.

"ஆனா உங்க ரெசின் வேணாம். அது பட்டா தெர்மாகோல் கரைஞ்சுடும். இது எபாக்சி, வேற வகை ரெசின். பாரிமுனையில வாங்கினேன். பத்து பங்குக்கு ஒரு பங்கு ஹார்டனர், அதான் இறுக வைக்கிற மருந்து. இந்தத் தராசுல எடை போட்டுக் கலங்க."

கையகலத் தராசு ஒன்றையும், கொசுவலை மாதிரி மெல்லிய கண்ணாடித் துணியையும், கறுப்பாக ரிப்பன் போல இருந்த கார்பன் நாரையும் கொடுத்தார். படகு வேலையில் கனம்தான் பலம். இங்கே கனம் கூடினால் விமானம் எழும்பாது. துணியை விரித்து, ரெசினைத் தடவி, பழைய ரீசார்ஜ் கார்டால் மிச்சத்தையெல்லாம் வழித்து எடுக்க வேண்டும். இறக்கையின் நடுவில் நீளவாக்கில் கார்பன் பட்டை. இதையெல்லாம் ஸ்டூலில் உட்கார்ந்து மேஜை மேல் வைத்தே செய்யலாம். அன்றைக்கு இடுப்பு வலிக்காமல் வீட்டுக்குப் போனேன். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு.

அந்த இறக்கை நன்றாகப் பறந்தது. சித்திரை பிறந்ததும் அந்த பாங்க் சார் இன்னொன்று கொண்டுவந்தார். இது முன்னதைவிட நீளம். இது சரியாக வந்தால் தன்னோடு பறக்கவிடும் நாலைந்து பேரும் அவரவர் விமானத்தைக் கொண்டுவருவார்கள் என்று முதலாளியிடம் சொன்னார். அவர் போனதும் முதலாளி என்னைப் பார்த்தார்.

"அவ்ளோ வேலை வந்துச்சுன்னா நீ இனிமே அச்சு தூக்க வேணாம். குந்திகினே செய். எனக்கு இன்னா?"

அந்த ஒரு பேச்சுக்காகத்தான் அந்த இறக்கையைத் தொட்டேன்.

கத்திரி வெயில் காலம். தகரக் கூரைக்குக் கீழே காலை பத்து மணிக்கே உடம்பு எரியும். எங்கள் ரெசினுக்கு ஒரு வழக்கம் உண்டு. மழைக் காலத்தில் ஹார்டனரைக் கூட்டுவோம், வெயில் காலத்தில் குறைப்போம். குறைக்காவிட்டால் பூசுவதற்கு முன்னாலேயே மக்கில் இறுகிப் புகை வரும். இருபது வருஷமாகக் கை அப்படித்தான் பழகியிருந்தது. தராசு பக்கத்திலேயே இருந்தது. ரெசினை எடை போட்டேன். ஹார்டனர் பாதி விழுந்ததும் போதும் என்று நிறுத்திவிட்டேன். சந்தேகம்கூட வரவில்லை. டின்னில் ஆங்கிலத்தில் என்னென்னவோ எழுதியிருந்தது. ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். யாரையாவது படித்துச் சொல்லச் சொல்ல வெட்கம்.

மறுநாள் தொட்டேன். விரலில் ஒட்டியது. வெயிலில் வைத்தால் காயும் என்று வைத்தேன். இன்னும் இளகியது. மூன்றாம் நாளும் அப்படியே. இரண்டு ரெசினும் ஒன்றில்லை, எபாக்சிக்கு வெயிலும் மழையும் ஒரே அளவுதான் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. இனிமேல் அது இறுகாது.

சனிக்கிழமை மாலை சார் வந்து எடுத்துக்கொள்வதாக ஏற்பாடு. அன்று காலை வீட்டிலிருந்து பவுடர் டப்பாவைப் பைக்குள் வைத்தேன். மனைவி பார்த்துவிட்டாள்.

"இன்னா, இந்த வயசுல பவுடரு? யாராண்ட காட்டப் போற?"

"வேர்க்குருவுக்கு" என்றேன்.

இறக்கை முழுக்கப் பவுடரைத் தூவிப் பஞ்சால் துடைத்தேன். ஒட்டுவது நின்றது. வெள்ளையாக, பார்க்க லட்சணமாக இருந்தது. சார் அவசரத்தில் இருந்தார். ஓரத்தைப் பிடித்துப் போர்வையில் சுற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார். நான் பவுடர் டப்பாவைப் பைக்குள் தள்ளி மூடினேன்.

சாரும் அவருடைய நண்பர்களும் ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் பறக்கவிடுவார்கள். இடம் எனக்குத் தெரியும். படப்பை போகிற வழியில் வறண்ட ஏரி. தாம்பரத்தில் பஸ் ஏறினேன். உட்கார இடமில்லை. நின்றுகொண்டே போனேன். சொல்லாவிட்டாலும் எவருக்கும் தெரியாது என்று ஒரு மனது சொன்னது. விமானம் விழுந்தால் காற்று என்றுதான் சொல்வார்கள். போன முறையும் காற்று என்றுதான் முதலில் சொன்னார்களாம்.

ஏரிக்குள் ஆறேழு பேர் தொப்பி போட்டுக்கொண்டு நின்றிருந்தார்கள். எல்லாரும் ஆபீசர் மாதிரி இருந்தார்கள். நான் கரையில் கருவேலமரத்தடியிலேயே நின்றேன். சார் விமானத்தின் மேல் இறக்கையை வைத்து ரப்பர் பேண்டு மாட்டினார். பக்கத்தில் இருந்த நண்பர் குனிந்து மோந்து பார்த்தார்.

"என்னடா, கல்யாணப் பொண்ணு வாசனை அடிக்குது? ப்ளேனை எங்கேயாவது பொண்ணு பார்க்க அனுப்பறியா?"

எல்லாரும் சிரித்தார்கள். என்ஜினைக் கிளப்பிவிட்டார்கள். அந்தச் சத்தத்தில்தான் எனக்குக் கால் நகர்ந்தது. கரையிலிருந்து இறங்கி ஓட்டமும் நடையுமாகப் போனேன்.

"சார், வேணாம் சார்."

அவர் என்ஜினை நிறுத்தினார். "அண்ணா? நீங்க எங்க இங்க?"

"அது காயல சார். மருந்து கம்மியாப் போட்டுட்டேன். மேல பவுடர் பூசியிருக்கேன்."

அவர் கட்டைவிரலால் இறக்கையை அழுத்தினார். எடுத்தபோது ரேகை உட்பட அச்சாகப் பதிந்திருந்தது.

"தராசு குடுத்தேனே."

"வெயிலுக்குக் குறைச்சுட்டேன் சார். எங்க ரெசினுக்கு அப்படித்தான்."

"சரி. ஆனா நேத்தே சொல்லியிருக்கலாமே அண்ணா."

மோந்து பார்த்த நண்பர், நான் கேட்கக்கூடாது என்று திரும்பிக்கொண்டு சொன்னார். கேட்டது.

"இவர்கிட்டதான் என்னோடதையும் குடுக்கச் சொன்னியா?"

சார் எனக்குத் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தார். பஸ் ஸ்டாப் வரை ஸ்கூட்டரில் விடட்டுமா என்றும் கேட்டார். வேண்டாம் என்றுவிட்டேன். அவர் பின்னால் உட்கார்ந்து அத்தனை தூரம் என்ன பேசுவது.

பத்து நாள் கழித்துப் பட்டறைக்கு வந்தார். மிச்ச டின்னையும் தராசையும் எடுத்துக்கொண்டார். இன்டர்நெட்டில் பார்த்து வீட்டிலேயே ஃபைபர் போட்டுப் பழகப் போவதாகச் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

ஸ்கூட்டர் சாலையில் ஏறியதும் முதலாளி என் பக்கம் திரும்பினார். ஏரிக்குப் போன கதையை அவரிடம் நானே சொல்லியிருந்தேன்.

"பவுடர் பூசத் தெரிஞ்சவனுக்கு வாய மூடிகினு இருக்கத் தெரியல" என்றார். பிறகு, "சரி வா, அச்சைப் புடி."

பூங்காவுக்குப் போகிற சறுக்குமரத்தின் அச்சு அது. தூக்க நாலு பேர் வேண்டும். அன்றைக்கு மூன்று பேர்தான் இருந்தோம். துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு கனமான பக்கமாகப் போய்ப் பிடித்தேன்.